வெயில் 'சதம்' அடிக்கும்போது நாம் சொல்லும் பெயர்: யார் இந்த ஃபாரன்ஹீட்?

கோடை வந்தாலே நம்ம செய்திகளில் தவறாமல் இடம்பிடிக்கும் ஒரு வரி உண்டு: வேலூரில் வெயில் சதமடித்தது. அதாவது 100 டிகிரி. ஆனால் 100 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அப்படியென்றால் வேலூர்க்காரர்கள் எப்படி நடமாடுகிறார்கள்?

பதில் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த 100 ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் ஏறக்குறைய 38. தண்ணீர் கொதிப்பது செல்சியஸில் 100, ஃபாரன்ஹீட்டில் 212. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் 102 என்று சொல்லும்போதும் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறோம்.

இப்படி அடிக்கடி உச்சரிக்கும் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 15 வயதில் ஒரே நாளில் அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். 20 வயதில் கைது ஆணைக்குத் தப்பி ஊர் ஊராக அலைந்தவர். தண்ணீர் எப்போதும் ஒரே சூட்டில்தான் கொதிக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வியைப் பல ஆண்டுகள் மனதில் சுமந்தவர். 50 வயதில் ஏழைகளுக்கான சவ அடக்கத்தோடு மண்ணுக்குள் போனவர்.

காளானில் கவிழ்ந்த குடும்பம்

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் பிறந்தது 1686 மே 24-ம் தேதி, பால்டிக் கடலோரத் துறைமுக நகரமான டான்சிக்கில். இன்று போலந்து நாட்டில் கதான்ஸ்க் என்ற பெயரில் இருக்கும் ஊர் இது. வசதியான வணிகர் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

1701 ஆகஸ்ட் 14 அன்று எல்லாம் தலைகீழானது. விஷக் காளானைச் சாப்பிட்டதால் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். சின்னப் பிள்ளைகளை வளர்க்க வேறு வீடுகளுக்கு அனுப்பினார்கள். மூத்தவனை என்ன செய்வது? குடும்பத் தொழில் வணிகம். எனவே காப்பாளர்கள் அவரை ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகரிடம் தொழில் பழக அனுப்பினார்கள்.

ஆம்ஸ்டர்டாம் அப்போது உலக வணிகத்தின் மையம். கணக்குப் பழகப் போன இளைஞரின் கண்ணில் பட்டதோ வேறொன்று: கண்ணாடிக் குழாய்களில் செய்த கருவிகள். காற்றழுத்தமானியும் வெப்பமானியும் அங்கே கடைச்சரக்காகவே விற்றன. அறிவியலில் ஆர்வமுள்ள பணக்காரர்கள் அவற்றை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

ஃபாரன்ஹீட்டுக்குக் கணக்குப் புத்தகம் கசந்தது. கருவி செய்யும் சோதனைகளுக்காக, தனக்கு வரவேண்டிய குடும்பச் சொத்தை நம்பிக் கடன் வாங்கத் தொடங்கினார். காப்பாளர்கள் பொறுக்கவில்லை. 1707-ல் அவரைப் பிடித்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துக் கப்பலேற்றிவிட ஆணை வாங்கினார்கள். அந்தக் காலத்தில் நாகப்பட்டினம் கோட்டையைத் தன் கையில் வைத்திருந்த அதே கம்பெனிதான். அடங்காத பிள்ளைகளைக் கீழைக் கடல்களுக்கு அனுப்பிவிடுவது அன்றைய ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தெரிந்த ஒரு வழி. போனவர்களில் பலர் திரும்பியதில்லை.

ஃபாரன்ஹீட் கப்பல் ஏறவில்லை. பெர்லின், ஹாலே, லைப்சிக், டிரெஸ்டன், கோபன்ஹேகன் என்று அலைந்தார். அலைச்சலிலும் ஒரு திட்டம் இருந்தது. போகிற ஊரில் எல்லாம் கண்ணாடி ஊதுபவர்களையும் கருவி செய்பவர்களையும் அறிஞர்களையும் தேடிப் பார்த்தார்.

ஆளுக்கொரு டிகிரி

அன்றைய பிரச்சினை என்னவென்று புரிந்தால்தான் இந்த அலைச்சலின் மதிப்பு புரியும்.

வெப்பமானி அப்போது புதிய பொருள் அல்ல. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 17-ம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்ணாடிக் குழாயில் ஆல்கஹாலை அடைத்து வெப்பமானி செய்தார்கள். சூடு ஏறினால் திரவம் விரிந்து மேலே போகும், குளிர்ந்தால் இறங்கும். இவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் கோடு போடுவதில் இருந்தது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய இடத்தில் கோடு போட்டார்கள். ஐசக் நியூட்டன் 1701-ல் வெளியிட்ட அளவுகோலில் மனித உடலின் சூடு 12. இன்னொருவரின் அளவுகோலில் வேறொரு எண். ஒரே கைவினைஞர் செய்த இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட இரண்டும் வேறு வேறு எண் காட்டும். லண்டனில் ஒருவர் 20 என்று எழுதினால் பாரிஸில் இருப்பவருக்கு அது சூடா குளிரா என்றே தெரியாது. கடைக்குக் கடை படியின் அளவு மாறினால் அரிசி வியாபாரம் எப்படி நடக்கும்? வெப்பத்தை அளக்கும் வேலை அப்படித்தான் கிடந்தது.

இதற்குத் தீர்வு, இயற்கையில் எங்கும் எப்போதும் மாறாத சில புள்ளிகளைப் பிடித்து, அவற்றுக்கு நடுவே கோடு போடுவது. 1708-ல் கோபன்ஹேகனில் ஃபாரன்ஹீட் சந்தித்த ஓலே ரோமர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒளிக்கும் வேகம் உண்டு என்று வியாழனின் நிலவை வைத்துக் காட்டிய அதே ரோமர். அவருடைய அளவுகோலில் தண்ணீர் கொதிப்பது 60, பனிக்கட்டி உருகுவது ஏழரை, உடல் சூடு இருபத்திரண்டரை.

ஃபாரன்ஹீட் இதை மனதில் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த 'அரை' அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். பனிக்கட்டி 30, உடல் சூடு 90 ஆனது. பிறகு அவற்றை 32, 96 என்று மாற்றினார். 96-லிருந்து 32-ஐக் கழித்தால் 64. குழாயில் அந்த இடைவெளியைப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு முறை பிரித்தால் 64 சமமான கோடுகள் கிடைத்துவிடும். கையால் கோடு போடும் தொழிலாளிக்கு இது வசதி. விசித்திரமாகத் தெரியும் 32-க்குப் பின்னால் இந்தப் பட்டறைக் கணக்கு இருந்திருக்கும் என்பது பரவலான கருத்து.

பூஜ்யம்? பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிர்தான் அவருடைய 0. ஆமாம், நம்ம ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தூவுவார்களே, அதே நவச்சாரம்தான்.

கொதிக்கும் தண்ணீரை எதை வைத்து அளப்பது?

1710-ல் 24 வயதானபோது ஃபாரன்ஹீட் சட்டப்படி தன் பொறுப்பைத் தானே ஏற்கும் வயதை அடைந்தார். காப்பாளர்களின் பிடி தளர்ந்தது. டான்சிக்குக்குத் திரும்பிப் போய்ச் சொத்து விவகாரங்களைப் பார்த்தார். ஆனால் வணிகத்துக்குத் திரும்பவில்லை.

சில ஆண்டுகளில் ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபிடம் இரண்டு ஆல்கஹால் வெப்பமானிகளைக் கொடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. இன்று இதைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். வோல்ஃப் வியந்துபோய் 1714-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

இந்தக் காலகட்டத்தில்தான் ஃபாரன்ஹீட்டின் மனதில் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. கியோம் அமோன்டோன் என்ற பிரெஞ்சு அறிஞர், தண்ணீர் எப்போதும் ஒரே அளவு சூட்டில்தான் கொதிக்கிறது என்று கண்டதாகப் படித்தார். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. நம்ம சமையலறையில் தினமும் நடப்பதுதான் இது. கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், ஆனால் அதன் சூடு கூடாது. கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும்.

தன் கண்ணாலேயே இதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் கையில் இருந்த வெப்பமானியால் முடியாது. காரணம் எளிது. உள்ளே இருப்பது ஆல்கஹால். தண்ணீர் கொதிக்கும் முன்பே ஆல்கஹால் கொதித்துவிடும். கொதிக்கும் தண்ணீரை அளக்க, தண்ணீரைவிடத் தாமதமாகக் கொதிக்கும் ஒரு திரவம் வேண்டும்.

விடை அதே அமோன்டோனின் இன்னொரு குறிப்பில் கிடைத்தது. காற்றழுத்தமானியில் இருக்கும் பாதரசம், சூட்டுக்கு ஏற்ப மிகக் கொஞ்சம் விரிகிறது என்று அவர் எழுதியிருந்தார். காற்றழுத்தத்தை அளப்பவர்களுக்கு அது ஒரு தொல்லை. ஃபாரன்ஹீட்டுக்கு அதுதான் வழி. பாதரசம் செல்சியஸ் கணக்கில் 357 டிகிரி வரை கொதிக்காது, மைனஸ் 39 வரை உறையாது. கண்ணாடியில் ஒட்டாது. விரிவது கொஞ்சம்தான் என்றால், குழாயின் துளையை மெல்லியதாக்கிவிட்டால் போயிற்று. அந்தக் கொஞ்சமும் கண்ணுக்குத் தெரியும்.

இதற்குச் சுத்தமான பாதரசமும், ஒரே சீரான மெல்லிய துளையுள்ள குழாயும் வேண்டும். ஊர் ஊராகக் கண்ணாடிப் பட்டறைகளில் நின்று கற்றது இங்கே கைகொடுத்தது. 1714 வாக்கில் நம்பகமான பாதரச வெப்பமானி பிறந்தது. அதைத் தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிட்டார். பாதரசம் ஏறியது, 212-ல் நின்றது. அமோன்டோன் சொன்னது சரிதான்.

கவனியுங்கள்: 212 என்பது அவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த எண் அல்ல. உப்புக்குளிர், பனிக்கட்டி, மனித உடல் மூன்றையும் வைத்துப் போட்ட கோடுகள் மேலே நீண்டபோது, தண்ணீர் தானாகப் போய் நின்ற இடம் அது.

ஒவ்வொரு திரவத்துக்கும் ஓர் எண்

தண்ணீருக்கு ஒரு நிலையான கொதிநிலை இருந்தால் மற்ற திரவங்களுக்கும் இருக்குமா? அடுத்து அதைத்தான் சோதித்தார். 1724-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் லத்தீன் மொழியில் ஐந்து சிறு கட்டுரைகளை வெளியிட்டார். முதல் கட்டுரையே இதைப் பற்றியதுதான். அதில் அவர் கொடுத்த பட்டியல், ஃபாரன்ஹீட் டிகிரியில்:

• ஆல்கஹால் – 176
• மழைநீர் – 212
• பொட்டாஷ் காரக்கரைசல் – 240
• நைட்ரிக் அமிலம் – 242
• கந்தக அமிலம் – 546

இவற்றில் சில எண்கள் இன்றைய புத்தகங்களில் இருப்பதோடு அச்சாகப் பொருந்தாது. தூய எத்தனால் கொதிப்பது 173-ல். அவருக்குக் கிடைத்த ஆல்கஹாலிலும் அமிலங்களிலும் தண்ணீர் கலந்திருந்ததே இதற்கு முக்கியக் காரணம். ஆனாலும் இந்தச் சின்னப் பட்டியல் ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னது. கொதிநிலை என்பது ஒரு திரவத்தின் அடையாள அட்டை மாதிரி.

ஏன் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண்? திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. சூடாக்கினால் அவை துள்ளும், சில தப்பித்து ஆவியாகும். பிடி தளர்வாக இருந்தால் சீக்கிரம் தப்பிக்கும், இறுக்கமாக இருந்தால் அதிகச் சூடு வேண்டும். ஆல்கஹாலைவிடத் தண்ணீரில் பிடி இறுக்கம், கந்தக அமிலத்தில் இன்னும் இறுக்கம். மூலக்கூறுகளைப் பற்றிய இந்த விளக்கம் பிற்காலத்தில் வந்தது. ஃபாரன்ஹீட்டிடம் இருந்தது எண்கள் மட்டும்.

மாறாதது என்று நினைத்தது மாறியது

அமோன்டோன் சொன்னதை உறுதிசெய்ததோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல கைவினைஞர் மட்டும்தான். ஆனால் தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. தண்ணீரின் கொதிநிலை முழுக்க நிலையானது அல்ல. காற்றழுத்தமானியில் அழுத்தம் கூடிய நாளில் தண்ணீர் சற்று அதிகச் சூட்டில் கொதித்தது, குறைந்த நாளில் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிட்டது.

காரணம் என்ன? தண்ணீருக்குள் ஆவிக்குமிழி உருவாக வேண்டுமானால், மேலே இருந்து அழுத்தும் காற்றை அது எதிர்த்து நிற்க வேண்டும். காற்று கடுமையாக அழுத்தினால் அதிகச் சூடு தேவை, லேசாக அழுத்தினால் குறைந்த சூடு போதும். பிரஷர் குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை தண்ணீரைச் சூடாக்குவது இதனால்தான். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுவதும், அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான்.

வேறொருவராக இருந்தால் தன் அளவுகோலுக்கு ஆதாரமான புள்ளியே ஆடுகிறதே என்று கவலைப்பட்டிருப்பார். ஃபாரன்ஹீட் அதையே ஒரு கருவியாக்கினார். ஐந்தாவது கட்டுரையில் புதுவகைக் காற்றழுத்தமானி ஒன்றை விவரித்தார். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அது எந்த டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தால் காற்றழுத்தத்தைச் சொல்லிவிடலாம்.

காற்றழுத்தம் தெரிந்தால் உயரமும் தெரியும். 1866-ல் திபெத்தின் லாசாவுக்கு மாறுவேடத்தில் போன இந்திய நில அளவையாளர் நைன் சிங், தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியில் பார்த்துத்தான் அந்த நகரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார். ஆம்ஸ்டர்டாம் பட்டறையில் பிறந்த யோசனை இமயமலை தாண்டிப் போயிருக்கிறது.

இன்னொரு வியப்பையும் அவர் பதிவு செய்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குண்டில் அடைத்த மழைநீர், உறைநிலைக்கு வெகு கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருந்தது. குலுங்கியதும் சட்டென்று உள்ளே பனிக்கட்டி நிறைந்தது. மிகைக்குளிர்ச்சி என்று இன்று நாம் சொல்வதன் முதல் பதிவுகளில் இது ஒன்று. அந்த 1724-ம் ஆண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாத, கருவி விற்றுப் பிழைத்த ஒருவருக்கு அது சாதாரண மரியாதை அல்ல.

புகழ் வந்தது, பணம் வரவில்லை

1717 வாக்கில் இருந்தே ஃபாரன்ஹீட் நெதர்லாந்தில் நிலைத்துவிட்டார். வெப்பமானி, காற்றழுத்தமானி செய்து விற்றார், ஆம்ஸ்டர்டாமில் வேதியியல் வகுப்புகள் எடுத்தார். லைடன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் புர்ஹாவே இவருடைய வாடிக்கையாளர், கடிதத் தோழர்.

ஒருமுறை புர்ஹாவேயிடம் கொடுத்த இரண்டு வெப்பமானிகள், ஒன்று ஆல்கஹால், ஒன்று பாதரசம், கொஞ்சம் வேறுபட்டன. வாழ்நாள் முழுக்க எதற்காக உழைத்தாரோ அதிலேயே குறை. ஃபாரன்ஹீட் மழுப்பவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தியதால் இப்படி ஆனது என்று விளக்கம் தேடினார். திரவம் மட்டுமல்ல, அதை அடைத்திருக்கும் கண்ணாடியும் விரியும், வகைக்கு ஏற்ப விரியும்.

கடைசி ஆண்டுகளில், தாழ்நிலங்களில் தேங்கும் நீரை இறைக்கும் இயந்திரம் ஒன்றில் இறங்கினார். கடல்மட்டத்துக்குக் கீழே நிலம் கிடக்கும் ஹாலந்தில் அது வெற்றி பெற்றால் வருமானத்துக்குக் குறை இருக்காது. அதற்குக் காப்புரிமை கேட்டு ஹேக் நகரில் இருந்தபோதுதான் நோயில் விழுந்தார். 1736 செப்டம்பர் 16 அன்று இறந்தார். வயது 50. வறியவர்களுக்கான நான்காம் வகுப்பு சவ அடக்கமே அவருக்குக் கிடைத்தது.

அவருக்குப் பிறகு

அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1742-ல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை முன்வைத்தார். அதில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. பிறகுதான் அது தலைகீழாக மாற்றப்பட்டது. 1777-ல் ஹென்றி கேவண்டிஷ் தலைமையிலான ராயல் சொசைட்டி குழு, கொதிநிலைப் புள்ளியைக் குறிக்கும்போது காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஃபாரன்ஹீட் கண்டுபிடித்த அந்த ஆட்டத்தை அடக்கத்தான்.

காலப்போக்கில் 32-ம் 212-ம் அசையாத புள்ளிகளாக நிலைத்தன. அவர் 96 என்று வைத்த உடல் சூடு இந்தக் கணக்கில் 98.6 ஆனது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் சராசரியாகக் கண்ட 37 டிகிரி செல்சியஸை ஃபாரன்ஹீட்டில் மாற்றினால் வரும் எண் அது.

இன்று பெரும்பாலான நாடுகள் செல்சியஸுக்கு மாறிவிட்டன. பாதரசம் நச்சு என்பதால் பாதரச வெப்பமானிகளையும் உலக நாடுகள் கைவிட்டு வருகின்றன. நம்ம வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டருக்குள் ஃபாரன்ஹீட் செய்தது எதுவுமே இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கருவி 102 காட்டி, மருத்துவமனைக் கருவியும் 102 காட்டினால், டாக்டர் கேள்வி கேட்காமல் நம்புகிறார் இல்லையா? இரண்டு கருவிகள் ஒரே எண்ணைச் சொல்லும் என்ற அந்த நம்பிக்கைதான் அவர் விட்டுப்போன சொத்து.

அவர் கையால் செய்த வெப்பமானிகளில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று 2012-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 67,000 பவுண்டுக்கு மேல் விலை போனது.